பட்டாவுக்குள் அடங்காத நிலம்: கென்யாவின் மேய்ச்சல் சமூகங்கள் சொல்லும் பாடம்

(சட்ட விழிப்புணர்வுப் பயிலரங்கு ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று கென்யா நாட்டில் மாடும் ஒட்டகமும் மேய்த்து வாழும் மக்களைப் பற்றிப் பேசப் போகிறேன். தலைப்பைப் பார்த்ததும் "நம் வீட்டுப் பாடே பெரும்பாடு, ஆப்பிரிக்கா எதற்கு?" என்று பின் வரிசையில் யாரோ முணுமுணுத்தது காதில் விழுந்தது. நியாயமான கேள்விதான்.

நிலத்தைப் பற்றி நம் மக்களிடம் எப்போது பேசினாலும் பேச்சு ஓரிடத்தில்தான் போய் நிற்கும். "கையில் கிராண்ட் இருந்தால் எவனும் நம்மை அசைக்க முடியாது." மூன்று தலைமுறை லயத்தில் வாழ்ந்து, தோட்டம் கைமாறியதும் தட்டுமுட்டுச் சாமான்களோடு வெளியே நின்றவர்கள் அப்படி நினைப்பதில் தவறே இல்லை. வீட்டுக்கும் வீட்டு மனைக்கும் அது சரி. ஆனால் எல்லா மக்களின் பிழைப்பும் ஒரு மனைக்குள் அடங்கிவிடாது. ஆளுக்கொரு பட்டா கொடுத்தே ஒரு சமூகத்தை நிலமில்லாமல் ஆக்கிவிட முடியும். கென்யாவில் அது நடந்தது. அதைத் திருத்த அந்நாட்டில் எழுதிய சட்டம் என்ன சொல்கிறது, எங்கே இடறுகிறது என்பதைத்தான் உங்கள் முன் வைக்கப் போகிறேன்.

முதலில் மழையைப் பற்றிச் சொல்ல வேண்டும். கென்யாவின் நிலப்பரப்பில் ஐந்தில் நான்கு பங்கு வறண்ட நிலம். வடக்கே துர்க்கானா வட்டாரத்தின் தலைநகர் லோட்வார். அங்கே ஆண்டு முழுவதும் பெய்யும் மழை சுமார் 200 மில்லிமீட்டர். கோலாலம்பூரில் நவம்பர் மாதம் மட்டுமே அதைவிட அதிகமாகப் பெய்துவிடும். அந்தக் கொஞ்ச மழையும் எங்கும் ஒரே சீராகப் பெய்யாது. இந்த ஆண்டு இந்தக் குன்றின் பக்கம், அடுத்த ஆண்டு 60 மைல் தள்ளி. எங்கே பெய்யும் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. மழை விழுந்த இடத்தில் புல் முளைக்கும். சில வாரங்கள் சத்தாக இருக்கும், பிறகு காய்ந்துவிடும்.

அப்படிப்பட்ட நிலத்தில் என்ன செய்து பிழைப்பது? நெல் போட முடியாது, ரப்பர் போட முடியாது. புல் இருக்கிற இடத்துக்கு மந்தையை ஓட்டிக்கொண்டு போகலாம். மாசாய், சம்புரு, துர்க்கானா, பொரானா, ரெண்டில்லே, கப்ரா, சோமாலி என்று அங்கே பல சமூகங்கள் நூற்றாண்டுகளாக அதைத்தான் செய்து வருகின்றன. நம்மில் ராமநாதபுரம் பக்கத்துப் பூர்வீகம் உள்ளவர்களுக்குக் கீதாரிகளைத் தெரிந்திருக்கும். ஆட்டுக்கிடையை ஓட்டிக்கொண்டு அறுவடை முடிந்த வயல்களைத் தேடித் தஞ்சைப் பக்கம் போவார்கள். ஏறக்குறைய அதே தொழில்தான், ஆனால் தூரமும் மந்தையும் பெரிது.

வெளியிலிருந்து பார்ப்பவனுக்கு இது "நாடோடி வாழ்க்கை", "பின்தங்கிய வாழ்க்கை". உண்மையில் அது கணக்குப் பார்த்து நடத்தப்படும் தொழில். இசியோலோவில் பொரானா மக்களின் 'தெதா' என்ற ஏற்பாட்டைப் பாருங்கள். மேய்ச்சல் நிலத்தை மழைக்காலத்துக்கு ஒரு பகுதி, வெயில்காலத்துக்கு ஒரு பகுதி, கடும் வறட்சிக்கு மட்டும் தொடக்கூடிய ஒரு பகுதி என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். எப்போது எந்தப் பகுதியைத் திறப்பது, எந்தக் கிணற்றில் யார் மாடு முதலில் தண்ணீர் குடிப்பது, பக்கத்து இனத்தார் வறட்சியில் வந்து கேட்டால் என்ன நிபந்தனையில் விடுவது, எல்லாவற்றையும் பெரியவர்கள் சபை தீர்மானிக்கும். மீறினால் அபராதம் உண்டு. எத்தியோப்பியப் பக்கத்து பொரானா நிலத்தில் 1980-களில் ஓர் ஆய்வு நடந்தது. அதே மாதிரி வறண்ட ஆஸ்திரேலியாவில் வேலி போட்டு நடத்தும் பெரும் பண்ணைகளோடு ஒப்பிட்டார்கள். ஒரு ஹெக்டேருக்கு எவ்வளவு உணவு கிடைக்கிறது என்று கணக்கிட்டால், நடந்து மேய்க்கும் பொரானா மக்கள் பின்தங்கவே இல்லை.

ஆக, இந்த மக்களுக்குச் சொத்து இரண்டு. ஒன்று மந்தை. இன்னொன்று, மந்தையை நகர்த்தும் வழி. இரண்டாவது போனால் முதலாவது தானாகப் போய்விடும். ஓர் அரசாங்கத் திட்டம் நல்லதா கெட்டதா என்று பார்க்க நான் ஒரே ஒரு கேள்வியைத்தான் வைத்துக்கொள்வேன்: அது அவர்களை நடக்க விடுகிறதா, கட்டிப்போடுகிறதா?

வெள்ளைக்காரன் காலத்திலிருந்து வருவோம். 1904-இல் பிரிட்டிஷ் அதிகாரிகள் மாசாய் தலைவர்களோடு ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். ரயில்பாதையை ஒட்டிய நல்ல புல்வெளிகளை வெள்ளைக்காரக் குடியேறிகளுக்கு விட்டுவிட்டு, மாசாய் மக்கள் வடக்கே லைக்கிப்பியாவுக்கும் தெற்கே ஒரு பகுதிக்கும் போய்விட வேண்டும். மாசாய் இனம் இருக்கும் வரை அந்த நிலம் அவர்களுடையது என்று எழுதிக் கொடுத்தார்கள். அதே ஒப்பந்தத்தில் இன்னொரு விஷயமும் இருந்தது. இரண்டு பகுதிகளையும் இணைக்க அரை மைல் அகலத்தில் ஒரு பாதை விடப்படும் என்று இருந்தது. மாடு நடக்க வழி வேண்டும் என்பது அந்த அதிகாரிகளுக்கும் தெரிந்திருக்கிறது என்று பாருங்கள். அந்த வாக்குறுதி காப்பாற்றப்படவில்லை.

மாசாய் இனம் இருக்கும் வரை என்று எழுதிய ஒப்பந்தம் ஏழே ஆண்டுகள்தான் நின்றது. 1911-இல் இரண்டாவது ஒப்பந்தம் போட்டு, லைக்கிப்பியாவையும் விட்டுத் தெற்கே போகச் சொன்னார்கள். மந்தைகளோடு மலையேறிக் கடந்த அந்தப் பயணத்தில் மனிதர்களும் மாடுகளும் மாண்டார்கள். மாசாய் மக்கள் சும்மா இருக்கவில்லை. ஓலே ன்ஜோகோ என்பவரின் தலைமையில் நீதிமன்றம் போனார்கள். 1913-இல்! கையெழுத்துப் போட்டவர்களுக்கு எங்கள் எல்லோருக்காகவும் போட அதிகாரம் கிடையாது, ஆகவே 1911 ஒப்பந்தம் செல்லாது என்று வாதாடினார்கள். நீதிமன்றம் என்ன சொன்னது தெரியுமா? மாசாய் மக்கள் பிரிட்டிஷ் குடிமக்கள் அல்லர், அந்த ஒப்பந்தம் இரண்டு அரசுகளுக்கு இடையேயான உடன்படிக்கை, அதை விசாரிக்க நீதிமன்றத்துக்கு அதிகாரமில்லை என்று வழக்கைத் தள்ளிவிட்டது. அதாவது, நிலத்தைப் பிடுங்கும்போது அவர்கள் பிரிட்டிஷாருக்கு அடங்கியவர்கள். நியாயம் கேட்கும்போது மட்டும் தனி நாட்டுக்காரர்கள். சட்டம் படித்த நாளிலிருந்து எத்தனையோ தீர்ப்புகளைப் படித்திருக்கிறேன். இவ்வளவு சாமர்த்தியமான அநியாயத்தை அதிகம் பார்த்ததில்லை.

1963-இல் சுதந்திரம் வந்தது. ஆட்சி கறுப்பர் கைக்கு வந்தது, பார்வை மாறவில்லை. 1965-இல் அரசு ஒரு கொள்கை அறிக்கை வெளியிட்டது, 10-ஆம் எண் அறிக்கை என்பார்கள். நல்ல நிலமும் நல்ல மழையும் சாலையும் உள்ள பகுதிகளில் பணத்தைப் போட்டால் அதிக விளைச்சல் வரும், ஆகவே முதலீடு அங்கேதான் போக வேண்டும் என்பது அதன் சாரம். வறண்ட வடக்குக்கு மிச்சம் மீதிதான். சாலை, பள்ளிக்கூடம், மருத்துவமனை எல்லாம் தெற்கே போயின. வடகிழக்குப் பகுதியில் 1991 வரை அவசரகாலச் சட்டம் வேறு இருந்தது. "நாங்கள் கென்யாவுக்குப் போகிறோம்" என்று வடக்கத்தி மக்கள் நைரோபிக்குப் புறப்படும்போது சொல்வார்களாம். தங்கள் நாட்டுக்குள்ளேயே அந்நியர்கள். நமக்கு இது விளக்க வேண்டியதில்லை.

அலட்சியம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம் 'உதவி' வந்தது. அந்த உதவிதான் நான் சொல்ல வந்த முக்கியமான கதை.

1968-இல் கென்ய நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. கஜியாடோ, நரோக் போன்ற மாசாய் பகுதிகளில் நிலத்தைக் 'கூட்டுப் பண்ணை'களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு பட்டா, அதை நிர்வகிக்க ஒரு குழு என்று ஏற்பாடு. உலக வங்கியும் பணம் கொடுத்தது. மாட்டைக் குளிப்பாட்டி உண்ணி நீக்கும் தொட்டிகள், ஆழ்குழாய்க் கிணறுகள், கடன் வசதி எல்லாம் வந்தன. நோக்கத்தைக் குறை சொல்ல மாட்டேன். வெளியாட்கள் நிலத்தைப் பிடித்துவிடக்கூடாது என்பதற்காக மாசாய் மக்களில் பலரும் அதை வரவேற்றார்கள்.

அதே 1968-இல் அமெரிக்காவில் காரட் ஹார்டின் என்ற பேராசிரியர் ஒரு கட்டுரை எழுதினார். பொது மேய்ச்சல் நிலம் என்றால் ஒவ்வொருவனும் தன் மாட்டைக் கூட்டிக்கொண்டே போவான், கடைசியில் நிலம் பாழாகும் என்றார். அது அவர் மனதில் கற்பனை செய்த மேய்ச்சல் நிலம். எந்த மேய்ப்பனையும் போய்ப் பார்த்து எழுதியதல்ல. ஆனால் உலகமெங்கும் அதிகாரிகளுக்கு அது வேதவாக்காகிவிட்டது. யாருக்கும் சொந்தமில்லாத நிலம் வேறு, ஒரு சமூகம் கட்டுப்பாடு வைத்துக் காக்கும் நிலம் வேறு. இதை ஆய்வு செய்து நிரூபித்த எலினோர் ஆஸ்ட்ரம் அம்மையாருக்கு 2009-இல்தான் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது. நாற்பது ஆண்டுகள் தாமதம்.

கூட்டுப் பண்ணைகளின் எல்லைக்கோட்டை மழை மதிக்கவில்லை. உன் பண்ணையில் மழை இல்லை, பக்கத்தில் பெய்திருக்கிறது என்றால் எல்லை தாண்டித்தான் ஆக வேண்டும். அது பழைய வழக்கப்படி நடந்துகொண்டே இருந்தது. கடன் திரும்பவில்லை. நிர்வாகக் குழுக்களில் செல்வாக்கு உள்ளவர்கள் அமர்ந்தார்கள். 1980-களில் "பண்ணையைப் பிரித்து ஆளுக்கொரு பட்டா கொடுத்துவிடலாம்" என்ற குரல் எழுந்தது, அரசும் ஊக்கம் கொடுத்தது. பிரித்தார்கள். குழுவில் இருந்தவர்களுக்கும் அவர்களுக்கு வேண்டியவர்களுக்கும் தண்ணீர் உள்ள பெரிய துண்டுகள் போயின. ஏழைகளுக்கும் விதவைகளுக்கும் சின்னத் துண்டுகள் போயின, சிலருக்கு ஒன்றுமே இல்லை. பட்டா ஆண் பெயரில் இருந்தது. மனைவிக்குத் தெரியாமலே கணவன் விற்ற கதைகள் ஏராளம். வறட்சி வந்தால் ஒரு துண்டு நிலத்தில் மந்தை நிற்காது. மாடு செத்தது, கடன் ஏறியது, நிலம் விலைபோனது. நைரோபிக்குத் தெற்கே கித்தெங்கெலா பக்கம் போனால் இன்று வேலிகளும் கட்டடங்களும்தான். விலங்குகள் போன வழிகூட அடைந்துவிட்டது.

நம் பெரியவர்களுக்கு ஒரு சொல் நினைவிருக்கும். தோட்டத் துண்டாடல். 1950-களிலும் 60-களிலும் வெள்ளைக்காரன் விற்ற தோட்டங்களைத் துண்டு துண்டாக்கி விற்றபோது வேலையும் லயமும் போய் நடுத்தெருவில் நின்றவர்கள் நம் மக்கள். அந்தத் துண்டாடலுக்கு எதிராகத்தான் 1960-இல் துன் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் ஆளுக்குக் கொஞ்சம் பங்குப்பணம் போட்டு, தோட்டத்தைச் சேர்த்து வாங்கிச் சேர்த்தே வைத்துக்கொள்வது. சேர்ந்திருந்தால்தான் பயன் தரும் நிலம் என்று ஒன்று உண்டு என்பது நமக்குப் புதிய செய்தி அல்ல. அந்தச் சங்கத்தின் பிற்காலக் கதையை இன்னொரு நாள் பேசுவோம், அதற்கு இன்று நேரம் போதாது!

கிணறுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. வறண்ட நிலத்தில் கிணறு தோண்டுவதை யாராவது குறை சொல்வார்களா? சொல்லலாம். ஆண்டு முழுவதும் தண்ணீர் தரும் ஆழ்குழாய்க் கிணற்றை மழைக்கால மேய்ச்சல் பகுதியில் போட்டால், மந்தைகள் அங்கேயே தங்கிவிடும். புல் மீண்டும் முளைக்க நேரம் கிடைக்காது. சுற்றிலும் மண்ணாகிவிடும். பிறகு கடை வரும், குடியிருப்பு வரும், சண்டையும் வரும். எங்கே கிணறு வேண்டாம் என்பதைத் தெதா பெரியவர்கள்தான் சொல்ல முடியும். அவர்களைக் கேட்காமலே எத்தனையோ கிணறுகள் தோண்டப்பட்டன. தேர்தல் காலத்தில் கிணறு தோண்டுவது அங்கேயும் உண்டு, இங்கே தார் போடுவது போல.

இப்போது ஒரு வழக்கைச் சொல்கிறேன். எண்டரோயிஸ் என்று ஒரு சிறுபான்மை மேய்ச்சல் சமூகம், பொகோரியா ஏரியைச் சுற்றி வாழ்ந்தவர்கள். ஏரிக்கரையில் உப்பு நக்கும் இடங்கள் மாடுகளுக்கு மருந்து மாதிரி. ஏரியே அவர்களுக்குக் கோயில், முன்னோர்களின் ஆவி உறையும் இடம். 1973-இல் அரசு அந்த இடத்தை வனவிலங்குக் காப்பகமாக அறிவித்து அவர்களை வெளியேற்றியது. ஏறிப்போன மேட்டு நிலம் வறண்டது. மாடுகள் கொத்துக்கொத்தாகச் செத்தன. 13 ஆண்டுகள் கழித்து, 1986-இல், காப்பகத்துக்குள் வீடிழந்த குறைந்தது 400 குடும்பங்களில் 170 குடும்பங்களுக்கு மட்டும் தலைக்கு 3,150 கென்ய ஷில்லிங் கொடுத்தார்கள். அன்றைய மதிப்பில் சுமார் 30 பவுண்டு. மூதாதையர் நிலத்துக்கும் கோயிலுக்கும் 30 பவுண்டு!

உள்நாட்டு நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள், 2002-இல் தள்ளுபடி. 2003-இல் ஆப்பிரிக்க மனித, மக்கள் உரிமை ஆணையத்துக்குப் போனார்கள். அரசு சொன்ன பதில்களில் இரண்டு உங்களுக்குப் பழக்கமானவையாக இருக்கும். ஒன்று, இவர்கள் தனிச் சமூகமே இல்லை. இரண்டு, அந்த நிலம் ஏற்கெனவே மக்கள் சார்பில் உள்ளூராட்சியிடம் அறக்கட்டளையாக இருந்தது, அதுவே போதுமான பாதுகாப்பு. ஆணையம் இரண்டையும் ஏற்கவில்லை. வேறொருவர் கையில் 'உங்கள் சார்பில்' வைக்கப்படும் நிலம், அவர் நினைத்தால் எடுத்துக்கொள்ளக்கூடிய நிலம், பாதுகாப்பே அல்ல என்றது. 2010-இல் தீர்ப்பு வெளியானது. நிலத்தின் மீது உரிமையை அங்கீகரி, திருப்பிக் கொடு, வழிபாட்டுக்கும் மேய்ச்சலுக்கும் தடையின்றி விடு, இழப்பீடு கொடு, அங்கிருந்து வரும் வருமானத்தில் பங்கு கொடு என்று பரிந்துரைத்தது. வளர்ச்சிக்கான உரிமை மீறப்பட்டதாகவும் அந்த ஆணையம் சொன்னது.

இங்கே சாகோங் தாசி வழக்கு நினைவுக்கு வருகிறது அல்லவா? டெங்கிலில் தெமுவான் ஒராங் அஸ்லி மக்களின் நிலத்தை விமான நிலைய நெடுஞ்சாலைக்காக எடுத்தார்கள். பட்டா இல்லாவிட்டாலும் பாரம்பரிய உரிமை உண்டு, இழப்பீடு உண்டு என்று 2002-இல் ஷா ஆலாம் உயர் நீதிமன்றமும் 2005-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் சொன்னது. அடுத்த பயிலரங்கில் அந்தத் தீர்ப்பைத்தான் வரி வரியாகப் படிக்கப் போகிறோம்.

எண்டரோயிஸ் வெற்றி பெற்றார்கள். ஆனால் தீர்ப்பு வேறு, கையில் கிடைப்பது வேறு. தீர்ப்பு வந்த மறு ஆண்டே, 2011-இல், பொகோரியா ஏரியை அவர்களைக் கலந்துகொள்ளாமல் உலகப் பாரம்பரியச் சின்னமாகப் பதிவு செய்தார்கள். 2014-இல்தான் தீர்ப்பை நிறைவேற்ற அரசு ஒரு பணிக்குழு அமைத்தது. நிலம் இன்னும் அவர்கள் பெயருக்கு வந்து சேரவில்லை. சட்டப் போராட்டத்தில் இறங்கும் இளைஞர்களுக்கு இதை ஒளிக்காமல் சொல்லிவிடுவது நல்லது.

அதே 2010-இல் கென்யா புதிய அரசியலமைப்பை ஏற்றது. அதில் மூன்று விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். 'சமூக நிலம்' என்று ஒரு தனி வகை நிலத்தை 63-ஆம் விதி அங்கீகரித்தது. அரசு நிலம், தனியார் நிலம் போல அதுவும் சம அந்தஸ்துள்ள ஒரு வகை. இரண்டாவது, 'ஓரங்கட்டப்பட்ட சமூகம்' என்பதற்குக் கொடுத்த விளக்கத்தில் மேய்ச்சல் மக்களை, நடமாடுபவரானாலும் ஓரிடத்தில் இருப்பவரானாலும், பெயர் சொல்லிச் சேர்த்தது. மூன்றாவது, தேசிய வருவாயில் ஒவ்வோர் ஆண்டும் 0.5 விழுக்காட்டை ஒதுக்கி, பின்தங்கிய பகுதிகளின் தண்ணீர், சாலை, மருத்துவம், மின்சாரத்துக்குச் செலவிட 20 ஆண்டுகளுக்கு ஒரு சமன்செய் நிதி. 1965 அறிக்கைக்கு நேர் எதிர்த்திசை. அந்த நிதி மக்களுக்குப் போய்ச் சேர்ந்த வேகம் வெட்கப்படும்படி இருந்தது, ஆனாலும் அரசியலமைப்பில் எழுதியிருப்பதால் கேள்வி கேட்க ஒரு பிடி இருக்கிறது.

2016-இல் சமூக நிலச் சட்டம் வந்தது. கூட்டுப் பண்ணைச் சட்டமும் அறக்கட்டளை நிலச் சட்டமும் ரத்தாயின. இந்தச் சட்டம் எப்படி வேலை செய்கிறது என்று பார்த்தால், பழைய பாடத்திலிருந்து எதைக் கற்றார்கள் என்று புரியும். ஒரு சமூகம் தன்னைப் பதிவு செய்துகொள்ள வேண்டும். அதில் வயதுவந்த எல்லா உறுப்பினர்களும் சேர்ந்தது சமூகப் பேரவை. பேரவை 7 முதல் 15 பேர் கொண்ட நிர்வாகக் குழுவைத் தேர்ந்தெடுக்கும். குழு அன்றாட வேலையைப் பார்க்கலாம். ஆனால் நிலத்தை விற்கவோ தனியார் நிலமாக மாற்றவோ குழு மட்டும் கையெழுத்துப் போட முடியாது, பேரவையில் மூன்றில் இரண்டு பங்கினர் ஒப்ப வேண்டும். பெண்களுக்குச் சம உரிமை என்று சட்டமே சொல்கிறது. மாசாய் பெண்கள் பட்ட பாட்டுக்குப் பிறகு வந்த வரி அது.

எங்கே இடறுகிறது? பதிவு செய்யும் வரை அந்த நிலத்தை வட்டார அரசுதான் மக்கள் சார்பில் வைத்திருக்கும். எண்டரோயிஸ் வழக்கில் போதாது என்று சொல்லப்பட்ட அதே ஏற்பாடு! இடைக்காலத்தில் அரசு நிலத்தை எடுத்தால் இழப்பீட்டுப் பணமும் வட்டார அரசின் கையில்தான் தங்கும். பதிவோ ஆமை வேகம். எல்லை அளக்க வேண்டும், உறுப்பினர் பட்டியல் வேண்டும், அதிகாரி வர வேண்டும். வாகனம் இல்லை, ஆள் இல்லை என்பார்கள். இதற்கிடையில் எண்ணெய், காற்றாலை, துறைமுகச் சாலை என்று பெரும் திட்டங்கள் வடக்கை நோக்கி வந்துவிட்டன. மார்சபிட்டில் 365 காற்றாலைகள் கொண்ட ஒரு பெரிய மின்திட்டத்துக்கு 1,50,000 ஏக்கர் கொடுத்த முறை சட்டப்படியானதல்ல என்று 2021-இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. காற்றாலைகள் அதற்குள் எழும்பிச் சுழன்றுகொண்டிருந்தன.

எனக்கு இன்னொரு கவலையும் உண்டு. சமூகத்துக்குப் பட்டா என்றாலும் அது ஒரு கோடுதானே? ஒரு சமூகம் தன் கோட்டைக் காட்டிப் பக்கத்துச் சமூகத்தை வறட்சியில் உள்ளே விடாமல் தடுத்தால், கூட்டுப் பண்ணைக் கதை பெரிய அளவில் திரும்பும். மேற்கு ஆப்பிரிக்கா இந்த இடத்தில் ஒரு படி முன்னே போயிருக்கிறது. மௌரித்தானியா 2000-இல் இயற்றிய மேய்ச்சல் சட்டம், மந்தைகளின் நடமாட்டத்தை எந்தச் சூழ்நிலையிலும் காக்க வேண்டும் என்கிறது. நைஜர் 2010-இல் நடமாட்டத்தை மேய்ப்பர்களின் அடிப்படை உரிமை என்றே எழுதியது. நிலம் யாருடையது என்ற கேள்வியோடு, யார் எப்போது எவ்வழியே கடந்து போகலாம் என்ற கேள்விக்கும் சட்டம் பதில் சொல்ல வேண்டும் என்பது அங்கே ஏற்கப்பட்டுவிட்டது. நடைமுறையில் அங்கேயும் பாதைகளை உழுதுவிடுகிறார்கள், சண்டை நடக்கிறது. இருந்தாலும் சட்டம் மேய்ப்பன் பக்கம் நிற்கிறது.

வறட்சி உதவிக்கு வருவோம். முன்பெல்லாம் மாடு செத்து, பிள்ளைகள் மெலிந்த பிறகு லாரியில் சோளம் வரும். சோளம் வாங்க ஊர்ச்சந்தியில் காத்திருந்தவர்கள் அங்கேயே குடிசை போட்டுத் தங்கினார்கள், மந்தைக்குத் திரும்பவே இல்லை. துர்க்கானா, மார்சபிட், வஜிர், மண்டேரா ஆகிய நான்கு வட்டாரங்களில் பசித்தடுப்புத் திட்டம் ஒன்று வந்தது. 1,00,000 ஏழைக் குடும்பங்களுக்கு வங்கிக் கணக்கில் முறையாகப் பணம் போடப்பட்டது. மற்றக் குடும்பங்களுக்கும் கணக்குத் திறந்து வைத்தார்கள். வறட்சி தொடங்குகிறது என்று செயற்கைக்கோள் படம் காட்டினால் அவர்களுக்கும் பணம் போகும். எங்கே இருந்தாலும் எடுத்துக்கொள்ளலாம் என்பதால் காசுக்காக ஓரிடத்தில் உட்கார வேண்டியதில்லை. என் ஒற்றைக் கேள்விக்கு இந்தத் திட்டம் பாஸ்.

கால்நடைக் காப்புறுதியும் அப்படித்தான். 2010-இல் மார்சபிட்டில் தொடங்கினார்கள். செத்த மாட்டை யாரும் போய் எண்ண மாட்டார்கள். வானத்திலிருந்து செயற்கைக்கோள் பச்சையை அளக்கும். ஒரு வட்டாரத்தில் பச்சை குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால் அங்குள்ள எல்லோருக்கும் பணம். வஜிரில் முஸ்லிம் மக்களுக்காக நாம் இங்கே அறிந்த தகாஃபுல் முறையிலும் வந்தது. 2015 முதல் அரசே ஏழைக் குடும்பங்களுக்குச் சந்தா கட்டியது. குறையும் உண்டு. மாடு தின்னாத முட்புதர் பச்சையாக இருந்தாலும் செயற்கைக்கோளுக்கு அது பச்சைதான். உன் மாடு செத்திருக்கும், பணம் வராது. பெரிய வறட்சியில் இது ஊன்றுகோல், அவ்வளவுதான். 2020 முதல் 2022 வரை தொடர்ந்து ஐந்து மழைப்பருவங்கள் பொய்த்தபோது கென்யாவில் மட்டும் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகள் மடிந்தன. எந்தக் காப்புறுதியும் அதை ஈடுகட்டாது. அப்போதும் மந்தையை எத்தியோப்பியா வரை ஓட்டிப்போக முடிந்தவன் கொஞ்சம் மிச்சம் பிடித்தான்.

பிள்ளைகளின் படிப்புதான் எனக்கு விடை எளிதில் கிடைக்காத இடம். பள்ளிக்கூடம் ஓரிடத்தில் நிற்கும், மந்தை நிற்காது. பிள்ளையை விடுதியில் விட்டால் படிப்பு வரும், தொழில் கைவிட்டுப்போகும். மந்தையோடு விட்டால் தொழில் வரும், எழுத்து வராது. எழுத்துத் தெரியாதவன் கைநாட்டு வைத்துத்தான் எத்தனையோ பட்டாக்கள் போயின. ஒட்டகத்தில் பலகையும் புத்தகமும் ஏற்றிக்கொண்டு கூடவே போகும் ஆசிரியர்கள், மாலையில் மாடு திரும்பிய பிறகு நடக்கும் வகுப்புகள் என்று முயன்றிருக்கிறார்கள். 2013-இன் அடிப்படைக் கல்விச் சட்டம் நாடோடி மக்களின் கல்விக்கென்றே ஒரு மன்றத்துக்கு வழிசெய்தது. போதுமான பணம் கிடைத்ததே இல்லை. பெண்பிள்ளைகள் இன்னும் பின்னால்தான் நிற்கிறார்கள். தமிழ்ப்பள்ளிக்கு ஒரு கட்டடத்துக்காக நடையாய் நடந்த பெற்றோர்கள் இங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள். கட்டடமே பொருந்தாத இடத்தில் பள்ளியை எப்படிக் கேட்பது என்று யோசித்துப் பாருங்கள்.

2026-ஐ மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ச்சல் மக்களுக்கும் உரிய ஆண்டு என்று ஐ.நா. பொதுச்சபை 2022-இல் அறிவித்தது. ஆண்டு அறிவிப்புகளில் எனக்குப் பெரிய நம்பிக்கை கிடையாது. ஆனால் 2025 ஜனவரியில் இசியோலோவின் சுற்றுச்சூழல், நில நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பில் நம்பிக்கை உண்டு. அங்கே சமூக நிலத்தில் அமைக்கப்பட்ட இரண்டு வனவிலங்குக் காப்பகங்கள், மக்களை முறையாகக் கலந்துகொள்ளாமல் சட்டத்துக்குப் புறம்பாக அமைந்தவை என்று அது சொன்னது. வழக்குத் தொடுத்தவர்கள் பெரிய மனிதர்கள் யாரும் அல்லர், அந்த மண்ணில் மாடு மேய்க்கும் மக்கள்தான். 1913-இல் உங்களை விசாரிக்கவே மாட்டோம் என்ற நாட்டில் இது நடந்திருக்கிறது.

கென்யச் சட்டத்தின் முக்கியப் பிரிவுகளைத் தமிழில் சுருக்கி வாசல் மேசையில் வைத்திருக்கிறோம், ஆளுக்கொன்று எடுத்துக்கொள்ளுங்கள். தேநீருக்குப் பிறகு கேள்விகளுக்கு வருவோம். உங்கள் குடியிருப்பின் பட்டாவிலோ ஒப்பந்தத்திலோ சந்தேகம் உள்ளவர்கள் அசல் பத்திரத்தை யாரிடமும் கொடுக்காமல் நகல் மட்டும் கொண்டு வாருங்கள்.